மானிட்டர் நிரபராதி

திரை ரோஸ் கலரில் தெரிகிறது என்று மானிட்டரைப் போர்வையில் சுற்றி, டூவீலரில் முன்னால் வைத்துக்கொண்டு சர்வீஸ் கடைக்கு வருகிறவர்கள் ஒரே ஒரு சாமானை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டு வருவார்கள். கேபிள். கடைக்காரர் தன் கேபிளை மாட்டிப் போட்டுக் காட்டுவார். படம் பளிச்சென்று வரும்.

"நல்லாத்தானே இருக்கு சார்?"

"வீட்ல ரோஸா இருந்துச்சே தம்பி. சத்தியமா!"

இருவரும் பொய் சொல்லவில்லை. ரோஸ் நிறம் மானிட்டரில் இல்லை. மேஜைக்குப் பின்னால் தூசியில் தொங்கிக்கொண்டிருக்கும் விஜிஏ கேபிளில் இருக்கிறது.

ஐபிஎம் 1987-இல் பிஎஸ்/2 கம்ப்யூட்டர்களோடு கொண்டுவந்த விஜிஏ, அலுவலகங்களிலும் டிடிபி கடைகளிலும் பழைய லேப்களிலும் இன்னும் ஓய்வு பெறவில்லை. நீல நிற பிளக். வரிசைக்கு ஐந்தாக மூன்று வரிசை, மொத்தம் 15 பின். முதல் பின் சிவப்பைச் சுமக்கிறது, இரண்டாவது பச்சையை, மூன்றாவது நீலத்தை. மூன்றுக்கும் தனித்தனிக் கம்பி என்பதால் கெடும்போதும் தனித்தனியாகக் கெடும். பச்சைக் கம்பி விட்டுப்போனால் சிவப்பும் நீலமும்தான் மிஞ்சும். வெள்ளைப் பக்கம் மெஜந்தாவாகிவிடும். அதைத்தான் ரோஸ் என்கிறார்கள். சிவப்பு போனால் வெள்ளை நீலப்பச்சையாகும். நீலம் போனால் மஞ்சள். அனுபவமுள்ள மெக்கானிக் போனிலேயே நிறத்தைக் கேட்டுவிட்டு எந்தப் பின் என்று சொல்லிவிடுவார்.

பிளக்கைக் கழற்றி டார்ச் அடித்து நேராகப் பார்த்தால் விஷயம் தெரியும். ஒரு பின் மட்டும் சாய்ந்து நிற்கும், அல்லது உள்ளே அமுங்கியிருக்கும். ட்வீசராலோ, லெட் எடுத்த மைக்ரோ டிப் பென்சிலின் முனையாலோ மெல்ல நிமிர்த்தலாம். ஒரு தடவை நிமிரும். மறுபடி வளைத்தால் ஒடிந்துவிடும் என்று எதிர்பார்ப்பதே நல்லது. நடு வரிசையில் ஒரு பின் இல்லவே இல்லையே என்று பதற வேண்டாம். அது 9-ஆம் பின், பல கேபிள்களில் அந்த இடம் காலியாகவேதான் வரும். பிளக்கை மாட்டியபின் இரு பக்கத் திருகாணிகளையும் முடுக்க வேண்டும். அவற்றை யாரும் முடுக்குவதில்லை. மேஜையைத் துடைக்கும்போது கேபிள் இழுபட்டு ஒரு பக்கமாகச் சரிகிறது, வாரம் ஒரு நிறமாகத் திரை மாறுகிறது.

மானிட்டர் குற்றவாளியா இல்லையா என்று பார்க்கக் காசு செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. மானிட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே வீடியோ கேபிளை உருவிவிட வேண்டியதுதான். 'நோ சிக்னல்' என்றோ 'செக் கேபிள்' என்றோ ஒரு பெட்டி திரையில் மிதக்கும். அந்தப் பெட்டியைக் கம்ப்யூட்டர் அனுப்பவில்லை, மானிட்டருக்குள் இருக்கும் சிப்பே வரைகிறது. அதில் வெள்ளை வெள்ளையாக இருந்தால் பேனலும் பின்னால் எரியும் விளக்கும் நலம். அந்தப் பெட்டியே மஞ்சள் பாய்ந்திருந்தால் மானிட்டருக்கு வயதாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். எல்இடி வருவதற்கு முந்தைய எல்சிடிகளில் பின்னால் இருந்தது மெல்லிய குளிர் கேத்தோடு குழல் விளக்கு. எரிந்து எரிந்து மங்கும்போது அது மஞ்சளிக்கும், சில சமயம் செம்மை தட்டும். எந்த செட்டிங்கும் அதை இளமையாக்காது.

பெட்டி சரியாக இருந்து படம் மட்டும் கோணலாக இருந்தால், முதலில் மானிட்டர் மெனுவில் ஃபேக்டரி ரீசெட். ரீடர், மூவி, கேம், ஈகோ, லோ ப்ளூ லைட் என்று கம்பெனிக்காரன் கொடுத்திருக்கும் மோடுகள் ஒவ்வொன்றும் நிறத்தை ஒரு பக்கம் இழுக்கிறவை. பட்டன் திரைக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருப்பதால், மானிட்டரை நகர்த்தும்போது கைபட்டு மோடு மாறிவிடுவது சகஜம்.

இதையெல்லாம் விட்டுவிட்டு, மஞ்சளாகத் தெரிகிறதே என்று மெனுவுக்குள் போய் நீலத்தை ஏற்றுகிறவர்கள்தான் நிஜமாகவே சிக்கலை உண்டாக்குகிறார்கள். விண்டோஸில் நைட் லைட் என்று ஒன்று உண்டு. 2017-இல் விண்டோஸ் 10-க்கு வந்தது; பொழுது சாய்ந்ததும் நீல ஒளியைக் குறைத்துத் திரையை மஞ்சளாக்கும். அது இருப்பது தெரியாமல் ராத்திரி எட்டு மணிக்கு மானிட்டரில் நீலத்தை ஏற்றி ஒருவர் 'சரி'செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். விடிந்ததும் நைட் லைட் தானாக அணையும், திரை நீலம் பாய்ந்து நிற்கும். உடனே நீலத்தை இறக்கி, போதாதற்குச் சிவப்பையும் ஏற்றுவார். மூன்றாம் நாள் அந்த மானிட்டரில் எது தொழிற்சாலை நிறம், எது அவர் கைவண்ணம் என்று பிரிக்க முடியாது. நிறம் படக் கோப்பிலிருந்து ஆப், விண்டோஸ், கிராபிக்ஸ் டிரைவர், கேபிள், மானிட்டர் என்று ஐந்தாறு கை மாறித்தான் கண்ணுக்கு வருகிறது. எந்தக் கையில் கெட்டது என்று தெரியாமல் கடைசிக் கையை முறுக்குவதில் பிரயோஜனம் இல்லை.

கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் ஏறுவதற்கு முன் வரும் கம்பெனி லோகோவையும் பயாஸ் திரையையும் பார்ப்பது அடுத்த சோதனை. அங்கேயே நிறம் கெட்டிருந்தால் விண்டோஸுக்குப் பங்கில்லை. கேபிள், கார்டு, மானிட்டர் மூன்றில் ஒன்று. பயாஸில் நன்றாக இருந்து டெஸ்க்டாப் வந்ததும் கெட்டால் சாஃப்ட்வேர். இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்துகொண்டு கடைக்குப் போனால் கடைக்காரரே மரியாதையாகப் பார்ப்பார்.

ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போனுக்கு அனுப்பிப் பார்க்கச் சொல்வார்கள். நல்ல யோசனைதான், ஆனால் பாதி உண்மைதான் சொல்லும். ஸ்கிரீன்ஷாட் போனிலும் மஞ்சளாக இருந்தால் கோளாறு படத்திலோ ஆப்பிலோ இருக்கிறது. போனில் நன்றாக இருந்தால்? உடனே மானிட்டர்மேல் பழி போடக் கூடாது. நைட் லைட்டும் கலர் ஃபில்டரும் படம் விண்டோஸைவிட்டு வெளியேறும் கடைசி வாசலில் பூசப்படுகிறவை. ஸ்கிரீன்ஷாட் அதற்கு முன்பே எடுக்கப்பட்டுவிடுவதால் அதில் அவை விழாது.

கலர் ஃபில்டர் என்றதும் ஒன்று நினைவுக்கு வர வேண்டும். கம்ப்யூட்டர் திடீரென்று கறுப்பு வெள்ளையாகிவிட்டது, வைரஸ் புகுந்துவிட்டது என்று அலறும் போன்களுக்குப் பல நேரம் இதுதான் காரணம். நிறக்குறைபாடு உள்ளவர்களுக்காக ஆக்சசிபிலிட்டி பகுதியில் வைத்திருக்கும் வசதி இது. இதற்கான குறுக்குவழி இயங்கும் நிலையில் இருந்தால், விண்டோஸ் கீயையும் கன்ட்ரோலையும் பிடித்துக்கொண்டு சி தட்டினால் போதும், திரை சாம்பல் பூத்துவிடும். காப்பி எடுக்க கன்ட்ரோல் சி அழுத்தும்போது விரல் பக்கத்திலிருக்கும் விண்டோஸ் கீயிலும் பட்டால் கதை முடிந்தது. மறுபடி அதே மூன்று கீயைத் தட்டினால் வண்ணம் திரும்பும். வீட்டுக்கு ஆள் வந்து பார்த்ததற்கான சர்வீஸ் சார்ஜ் மட்டும் திரும்பாது.

இதைவிட நுணுக்கமானது புரொஃபைல் கோளாறு. ஒரே போட்டோ ஓர் ஆப்பில் நன்றாக இருக்கும். விண்டோஸின் பழைய போட்டோ வியூவரில் திறந்தால் முகம், சுவர், வானம், எல்லாமே காமாலை கண்டு கிடக்கும். ஒரே திரை, ஒரே படம். கேபிளையும் மானிட்டரையும் குறை சொல்லவே வழியில்லை, ஏனென்றால் பக்கத்துச் சன்னலில் அதே வெள்ளை வெள்ளையாக இருக்கிறது.

காரணம் இதுதான். ஒவ்வொரு மானிட்டரும் நிறத்தைத் தன் பாணியில்தான் காட்டும். அந்தப் பாணியை எழுதி வைத்த சின்னக் கோப்புதான் ஐசிசி புரொஃபைல். ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், அடோபி, கோடாக் முதலிய கம்பெனிகள் சேர்ந்து 1993-இல் தொடங்கிய அமைப்பு வகுத்த முறை அது. போட்டோ வியூவர், போட்டோஷாப் போன்றவை அந்தக் கோப்பைப் படித்து நிறத்தைத் திருத்திக் காட்டும். மற்ற பல ஆப்களும் டெஸ்க்டாப் படமும் அதைச் சட்டை செய்யாது. மானிட்டர் டிரைவரோடு சில சமயம் தப்பான புரொஃபைல் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதை நம்பி வியூவர் இல்லாத குறையைத் திருத்தும், வெள்ளை மஞ்சளாகும். படிக்கிறவன் கெட்டான், படிக்காதவன் பிழைத்தான்.

வைத்தியம் இரண்டு நிமிடம். ஸ்டார்ட் மெனுவில் கலர் மேனேஜ்மென்ட் என்று தேடித் திறக்க வேண்டும். டிவைசஸ் பக்கத்தில் அந்த மானிட்டரைத் தேர்ந்து, 'யூஸ் மை செட்டிங்ஸ்' என்ற கட்டத்தை டிக் செய்து, ஆட் பட்டனை அழுத்தினால் ஒரு பட்டியல் வரும். அதில் எஸ்ஆர்ஜிபி என்பதைச் சேர்த்து டீஃபால்ட் ஆக்கிவிட்டு வியூவரை மூடித் திறந்தால் காமாலை போய்விடும். எச்பியும் மைக்ரோசாஃப்டும் 1996-இல் முன்வைத்து, 1999-இல் சர்வதேசத் தரமான எஸ்ஆர்ஜிபிதான் இன்றும் இணையப் படங்களுக்கான பொது மொழி. சாதாரண மானிட்டருக்கு அது ஓரளவு பொருந்தும். துல்லியம் இல்லை, ஆனால் பொய்யான புரொஃபைலைவிடப் பல மடங்கு மேல்.

கேபிளை எச்டிஎம்ஐக்கு மாற்றிவிட்டால் தொல்லை தீரும் என்று நினைப்பவர்களுக்கு அங்கே வேறு தொல்லை காத்திருக்கிறது. எச்டிஎம்ஐ டிஜிட்டல், ஒரு நிறம் மட்டும் அறுந்து போவது அரிது. ஆனால் அது டிவிக்காகப் பிறந்தது. டிவி உலகில் கறுப்புக்கு எண் 16, வெள்ளைக்கு 235. கம்ப்யூட்டரில் கறுப்பு 0, வெள்ளை 255. 1920-க்கு 1080 என்பது டிவிக்கும் உரிய அளவு என்பதால், எதிரே இருப்பது டிவிதான் என்று கிராபிக்ஸ் டிரைவர் முடிவுகட்டி 16-இலிருந்து 235 வரைக்குள் சுருக்கி அனுப்பிவிடுவதுண்டு. முழு எண்ணிக்கையை எதிர்பார்க்கும் மானிட்டருக்கு அந்த 16 கறுப்பல்ல, கரும்சாம்பல். அந்த 235 வெள்ளையல்ல, பழுப்பேறிய வேட்டி. படத்தின்மேல் மெல்லிய புகை படர்ந்தாற்போல் தெரியும். எந்த நிறமும் தனியாகத் தப்பாக இருக்காது என்பதால் இதைப் பலர் வருடக்கணக்கில் கண்டுபிடிக்காமலே ஓட்டிவிடுகிறார்கள். மானிட்டர் சுமார்தான், விலைக்கேற்ற சரக்கு என்று சமாதானமும் சொல்லிக்கொள்கிறார்கள்.

என்விடியா கன்ட்ரோல் பேனலில் ரெசல்யூஷன் மாற்றும் பக்கத்தின் அடியில் 'அவுட்புட் டைனமிக் ரேஞ்ச்' என்று இருக்கும். அதை லிமிடெடிலிருந்து ஃபுல்லுக்கு மாற்றினால் புகை விலகும். ஏஎம்டியில் பிக்சல் ஃபார்மட் என்ற இடத்தில் ஃபுல் ஆர்ஜிபியைத் தேர வேண்டும். இன்டெலில் குவான்டைசேஷன் ரேஞ்ச் என்று பெயர். இதுவே தலைகீழாகவும் நடக்கும். கம்ப்யூட்டர் முழுதாக அனுப்ப, மானிட்டர் சுருக்கியதை எதிர்பார்த்தால் இருட்டான காட்சிகளில் விவரம் எல்லாம் கறுப்பில் மூழ்கிவிடும். அப்போது மானிட்டர் மெனுவில் எச்டிஎம்ஐ பிளாக் லெவல் என்பதை மாற்றிப் பார்க்கலாம்.

எச்டிஎம்ஐயில் இன்னொரு வினோதம் உண்டு. கறுப்பு வயலட்டாகவும் வெள்ளை பச்சையாகவும் மாறினால் கார்டு எரிந்துவிட்டது என்று தோன்றும். அப்படி இல்லை. டிவி பாணியில் ஒளியை ஒரு எண்ணாகவும் நிறத்தை இரண்டு எண்களாகவும் பிரித்து அனுப்பும் முறை ஒன்று இருக்கிறது. கார்டு அந்த முறையில் அனுப்ப, மானிட்டர் அதைச் சிவப்பு பச்சை நீலம் என்று படித்தால் இந்தக் கூத்து. இதுவே மாறி நடந்தால் வெள்ளை ரோஸாகும், கறுப்பு பச்சையாகும். மானிட்டர் மெனுவில் இன்புட் கலர் ஃபார்மட்டை ஆர்ஜிபி ஆக்கினால், அல்லது டிரைவரில் அவுட்புட்டை ஆர்ஜிபி ஆக்கினால் சரியாகிவிடும்.

பெரிய டிவியையே மானிட்டராக வைத்திருப்பவர்கள் ஒரு சோதனை செய்யலாம். கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்தை வைத்துப் பார்க்க வேண்டும். ஓரம் பிசிறடித்துக் குழம்பியிருந்தால், நிறத் தகவலைப் பாதியோ கால்பங்கோ ஆக்கிச் சுருக்கும் முறை வேலை செய்கிறது என்று அர்த்தம். சினிமாவுக்கு அது போதும், எக்செல்லுக்குப் போதாது. டிவி மெனுவில் அந்த எச்டிஎம்ஐ இன்புட்டின் பெயரையோ ஐகானையோ பிசி என்று மாற்றினால், பல டிவிகள் அந்தச் சுருக்கத்தையும் கூடவே தங்கள் ஒப்பனை வேலைகளையும் நிறுத்திக்கொள்ளும்.

எச்டிஆர் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விலை குறைந்த மானிட்டர் பெட்டியில் அந்த மூன்றெழுத்தைப் பார்த்ததும் விண்டோஸில் அதை ஆன் செய்துவிட்டு, டெஸ்க்டாப் வெளிறிப்போனதே என்று கேட்கிறார்கள். பகுதி பகுதியாக விளக்கை அணைத்து ஏற்றும் வசதி இல்லாத பேனலில் எச்டிஆர் பெயருக்குத்தான். விண்டோஸ் 11-இல் விண்டோஸ் கீ, ஆல்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அணைந்துவிடும். அணைத்து வைப்பதே உத்தமம்.

லேப்டாப்பில் நிறம் கெட்டால் மூடியை மெல்ல முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்க வேண்டும். ஒரு கோணத்தில் ரோஸ், இன்னொரு கோணத்தில் சரி என்று மாறினால், கீலுக்குள் மடங்கி மடங்கிப் போகும் டிஸ்ப்ளே கேபிள் நைந்திருக்கிறது. வெளி மானிட்டர் ஒன்றை மாட்டி அதில் படம் நன்றாக வந்தால் சந்தேகம் உறுதி. கேபிளை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் பேனலையே மாற்ற வேண்டும் என்று சொல்லும் கடைகள் உண்டு என்பதால், இந்தச் சோதனையை வீட்டிலேயே முடித்துக்கொண்டு போவது பர்ஸுக்கு நல்லது. இரண்டு திரைகளிலும், பயாஸிலும்கூட கோடுகளும் புள்ளிகளும் நிறச் சிதறல்களும் வந்தால் கிராபிக்ஸ் சிப் போகிறது. ஹீட் கன் காட்டி எழுப்பித் தருகிறேன் என்பவர்களிடம் கொடுத்தால் எழுந்திருக்கலாம். எவ்வளவு நாளைக்கு என்று மட்டும் கேட்கக் கூடாது. பேட்டரியில் ஓடும்போது மட்டும் நிறமும் வெளிச்சமும் தாமாக ஏறி இறங்கினால் அது பழுதே இல்லை. இன்டெல், ஏஎம்டி டிரைவர்களில் உள்ள மின்சேமிப்பு வேலை. அந்த டிரைவர்களின் பவர் பக்கத்தில் அணைத்துவிடலாம்.

எந்தச் சோதனையிலும் பிடிபடாத புகார் ஒன்று மிச்சம் இருக்கிறது: "புது லேப்டாப்புங்க, ஆனா சிவப்பு செங்கல் கலர்ல தெரியுது." விலை குறைந்த லேப்டாப்களின் விவரத் தாளில், பெரிய எழுத்துகளுக்கெல்லாம் கீழே, 45 சதவீதம் என்டிஎஸ்சி என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். என்டிஎஸ்சி என்பது அமெரிக்காவில் 1953-இல் கலர் டிவிக்கு வகுத்த அளவுகோல். எஸ்ஆர்ஜிபி முழுவதையும் காட்ட அந்த அளவில் 72 சதவீதம் வேண்டும். 45 என்றால் எஸ்ஆர்ஜிபியில் ஏறக்குறைய அறுபத்திரண்டுதான். அந்தப் பேனலிடம் அடர்சிவப்பு கிடையாது, அவ்வளவுதான். எழுபது வருடம் பழைய அளவுகோலில் எண்ணைச் சொன்னால் வாங்குகிறவனுக்குப் புரியாது என்பது கம்பெனிகளுக்கு வசதியாகவே இருக்கிறது. 16.2 மில்லியன் நிறம் என்ற எண்ணும் இதே ரகம். எட்டு பிட் பேனல் காட்டுவது 1,67,77,216 நிறங்கள், அதாவது 16.7 மில்லியன். 16.2 என்று போட்டிருந்தால் உள்ளே இருப்பது 2,62,144 நிறங்களே உள்ள ஆறு பிட் பேனல்; இடைநிறங்களை வேகமாக மினுக்கிக் கண்ணை நம்ப வைக்கிறது. வானத்தின் நீலம் பட்டை பட்டையாகத் தெரிவது பல நேரம் அதனால்தான்.

தலைகீழ் வியாதியும் வந்துவிட்டது. எஸ்ஆர்ஜிபியைவிட அகன்ற நிறப்பரப்புள்ள மானிட்டர்களில், புரொஃபைலைப் படிக்காத ஆப்கள் எல்லாவற்றையும் அளவுக்கு மீறிச் சாயம் ஏற்றிக் காட்டும். மனிதர்கள் வெயிலில் கன்றியவர்களாகத் தெரிவார்கள். மானிட்டர் மெனுவில் எஸ்ஆர்ஜிபி மோடு இருந்தால் அதற்கு மாறுவதுதான் எளிய வழி.

கண்ணையும் ஒரு தடவை சந்தேகிக்கலாம். ப்ளூ கட் கண்ணாடி போட்டுக்கொண்டு திரை மஞ்சளாக இருக்கிறது என்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு கண்ணில் மட்டும் புரை அறுவை செய்துகொண்டவர், கண்களை மாற்றி மாற்றி மூடிப் பார்த்தால் அந்தக் கண்ணில் வெள்ளை சற்று நீலமாகவே தெரியும்.

ஃபோட்டோவும் டிசைனும் தொழிலாக இருப்பவர்களுக்குக் கண்ணளவு போதாது. விண்டோஸில் 'கேலிபரேட் டிஸ்ப்ளே கலர்' என்று ஒரு வசதி உண்டு. கட்டங்களைப் பார்த்து ஸ்லைடரை நகர்த்தச் சொல்லும். ஒன்றும் இல்லாததற்கு அது தேவலாம். நிஜமான அளவுக்குக் கலரிமீட்டர் வேண்டும். திரையில் ஒட்டித் தொங்கும் சின்னக் கருவி அது. சாஃப்ட்வேர் ஒவ்வொரு நிறக் கட்டமாகக் காட்ட, கருவி அளந்து புரொஃபைல் எழுதிக் கொடுக்கும். டேட்டாகலரின் ஸ்பைடர், கேலிபிரைட் கருவிகள் கடையில் கிடைக்கின்றன. கருவியோடு வரும் சாஃப்ட்வேர் பிடிக்காதவர்களுக்கு ஆர்கில் சிஎம்எஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அளக்கும் முன் மானிட்டர் அரை மணி நேரமாவது ஓடியிருக்க வேண்டும். 6500 கெல்வின் வெள்ளை, 2.2 காமா, வெளிச்சம் 120 நிட் என்பது வழக்கமான இலக்கு. கடையிலிருந்து வந்தபடியே விட்டால் பெரும்பாலான மானிட்டர்கள் இதைவிட நன்றாகப் பிரகாசமாக இருக்கும், டிசைன் போடுகிறவர் அதற்கேற்ப இருட்டாகப் போட்டுவிடுவார். சிவகாசிக்குப் போன காலண்டர் கறுத்து வருகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது பிரைட்னஸைத்தான்.

அச்சு என்று வரும்போது, அளந்து சீராக்கிய மானிட்டரும் ஓரளவுக்குத்தான் கைகொடுக்கும். திரையின் சுத்த நீலம், அதாவது சிவப்பு 0, பச்சை 0, நீலம் 255, சயானும் மெஜந்தாவும் கலந்த மையில் வயலட் அடிக்கும். பளீர் பச்சையும் அப்படியே இறங்கிவிடும். அந்த நிறங்கள் நான்கு வண்ண மையில் இல்லை, திரையை எப்படித் திருகினாலும் வராது. போட்டோஷாப்பில் புரூஃப் கலர்ஸை ஆன் செய்தால் எது மங்கும் என்று அச்சுக்கு முன்பே காட்டிவிடும். அடித்து வந்த தாளைத் திரையோடு ஒப்பிடும்போது டியூப் லைட்டுக்குக் கீழே பிடித்துப் பார்க்காமல், அச்சுத் தொழில் தனக்கென்று வைத்திருக்கும் 5000 கெல்வின் விளக்கில் பார்க்க வேண்டும். கல்யாணப் பத்திரிகை டிசைனைத் தன் மானிட்டரில் காட்டி ஓகே வாங்கும் கடைக்காரர், அட்டை அடித்து வந்த நாளில் மாப்பிள்ளை வீட்டாரிடம் மாட்டிக்கொள்வார். ஒரு புரூஃப் எடுத்து, அதில் பெண் வீட்டார் ஒருவர், மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் என்று இரண்டு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்கிறவருக்கு அந்தச் சண்டை இல்லை.